ஒற்றைக் குருத்து

முருங்கைக் கொம்பை வெட்டி ஊன்றினால் சில திங்களில் அது தழைத்து நிற்கும். பூவரசுக்குப் போத்து நடுவர். வாழை தன் அடியிலேயே கன்றுகளை ஈன்று, தான் மடிந்த பின்னும் தன் குலம் அறாமல் காக்கும். மாவை ஒட்டுக் கட்டியும், மாதுளையைப் பதியம் போட்டும், ஒரு நல்ல மரத்தின் குணம் சிறிதும் குன்றாமல் அதைப் போலவே பல மரங்களை உண்டாக்கும் வித்தையை நம் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் தென்னந்தோப்பு உடையவருக்கு இவ்வித்தைகளுள் ஒன்றும் பயன்படுவதில்லை. அவருடைய தோப்பில் ஒரு மரம் ஆண்டுக்கு 200 காய் காய்க்கிறது. அதே மண்ணில், அதே நீரை உண்டு வளர்ந்த பக்கத்து மரம் 40 காய்க்கே திணறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மரத்தைப் போல இன்னொரு மரம் வேண்டுமென்றால் அவர் என்ன செய்ய முடியும்? அதன் நெற்றைப் பறித்து நாற்றங்காலில் இட்டு முளைக்க வைக்கலாம். ஆயினும் நெட்டைத் தென்னையின் பூ, பெரும்பாலும் வேறு மரத்தின் மகரந்தத்தைக் காற்றின் வாயிலாகவோ வண்டின் வாயிலாகவோ ஏற்றுக் கருக்கொள்வது. தாய் இன்னதென்று தெரியும். தந்தை எதுவென்று தெரியாது. பிறக்கும் கன்று தாயைப் போல இருக்குமா என்பதை அது காய்க்கத் தொடங்கிய பிறகுதான் அறியலாம்.

இதற்குக் காரணம் மரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. வெளிப்புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரித்துரைத்தார். அவ்வகுப்பின்படி தெங்கும் பனையும் கமுகும் புல்லின்பாற்படும். இக்காலத் தாவர நூலாரும் இவற்றைப் புல், மூங்கில் ஆகியவற்றோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே கூறுகின்றனர். மாமரத்தில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே காம்பியம் என்னும் வளர்படை ஒன்று உண்டு. இரு மரங்களின் வளர்படைகள் ஒன்றோடொன்று பொருந்துவதாலேயே ஒட்டு உயிர் பெறுகிறது. தென்னைக்கு அப்படை இல்லை; ஆகவே ஒட்டும் இல்லை. பக்கக் கிளையும் அடிக்கன்றும் இன்மையால் போத்துக்கும் வழியில்லை. மரம் முழுவதற்கும் உச்சியில் உள்ள ஒரே குருத்துத்தான் உயிர்நிலை. குருத்தழுகல் நோய் வந்து அது கெட்டால், உரம் பாய்ந்த நெடுமரமும் மொட்டையாகிப் பட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம்.

ஒற்றைக் குருத்து உடைய இத்தகைய மரங்களை, ஒன்றுபோலவே பலவாகப் பெருக்குவதற்கு மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்டது. அதில் இரண்டு மரங்கள் தலைமையான பங்கு பெறுகின்றன. ஒன்று நம் தென்னை. மற்றொன்று, தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்றும் மலேசியத் தமிழரிடையே செம்பனை என்றும் வழங்கும் ஆப்பிரிக்க மரம். முன்னது இம்முயற்சிக்குத் தன் நீரை வழங்கியது. பின்னது மறக்க இயலாத ஒரு பாடத்தை வழங்கியது.

வரலாற்றின் தொடக்கம் வெப்ப நாட்டில் நிகழவில்லை. ஆஸ்திரியா நாட்டில் கிராட்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் காட்லீப் ஹேபர்லாண்ட் என்னும் தாவர நூற் பேராசிரியர் இருந்தார். செடியின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் முழுச் செடியின் இயல்பையும் அடக்கிக்கொண்டிருக்குமானால், இலையிலிருந்து ஓர் உயிரணுவைத் தனியே பிரித்து உணவூட்டி வளர்த்து, அதிலிருந்து முழுச் செடியையும் உண்டாக்கலாமன்றோ என்று அவர் எண்ணினார். உப்புகளும் சர்க்கரையும் கரைந்த நீரில் இலையின் உயிரணுக்களை இட்டுப் பார்த்தார். அவை சில வாரம் உயிரோடு இருந்தன, பருத்தன, மாவுப்பொருளையும் சேர்த்து வைத்துக்கொண்டன. ஆனால் ஓர் அணுவேனும் இரண்டாகப் பிரியவில்லை. 1902-ஆம் ஆண்டில் வியன்னா விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் தம் தோல்வியை அவர் ஒளிக்காமல் எழுதினார். அதனோடு நில்லாமல், இனி வருவோர் எதை முயன்று பார்க்கலாம் என்பதையும் சுட்டினார். வளரும் குருத்தின் சாற்றைச் சேர்த்துப் பார்க்கலாம் என்பது ஒரு குறிப்பு. கரு வளரும் பையில் ஊறியிருக்கும் நீரைச் சேர்த்துப் பார்க்கலாம் என்பது மற்றொன்று.

இக்குறிப்பின் அருமை நெடுநாள் உணரப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் பிறர் வேறு வழிகளில் முன்னேறினர். அமெரிக்காவில் பிலிப் ஒயிட் என்பவர் 1934-ல் தக்காளியின் வேர் நுனியைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, அது ஓய்வின்றி வளருமாறு செய்தார். 1939-ல் அவரும், பிரான்சில் கோத்ரே, நோபேகூர் ஆகிய இருவரும், ஒருவரையொருவர் சாராமல், செடித்திசுவை வரம்பின்றி வளர்த்துக் காட்டினர். ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அதற்குள் கண்டறியப்பட்டிருந்தது இவர்களுக்குத் துணையாயிற்று. ஆயினும் வளர்ந்தவை உருவமற்ற திசுத் திரள்களே. அவற்றை முழுச் செடியாக்கும் வழி தெரியவில்லை.

இந்நிலையில்தான் தேங்காய் ஆராய்ச்சிக்கூடத்திற்குள் புகுந்தது. நியூயார்க் நகரை அடுத்த கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்தில் பிளேக்ஸ்லீ என்னும் அறிஞர் ஊமத்தைச் செடியின் மரபியலை நெடுங்காலம் ஆராய்ந்தவர். இரு வேறு ஊமத்தை இனங்களைக் கலந்தபோது தோன்றிய கருக்கள் முதிராமலே மடிந்தன. அவற்றை வெளியே எடுத்து வளர்க்க முயன்றால், மிக இளைய கருக்களுக்கு எந்த உணவும் ஒத்துக்கொள்ளவில்லை. 1941-ல் வான் ஓவர்பீக், காங்க்லின் ஆகியோரும் பிளேக்ஸ்லீயும் சேர்ந்து, தேங்காய்க்குள் இருக்கும் நீரை உணவுக் கரைசலில் கலந்தனர். இளங்கருக்கள் வளர்ந்தன. தேங்காய் நீர் என்பது யாது? தென்னங்கருவுக்கு உணவாக அதன் கருப்பையில் நிறைந்துள்ள நீரே அது. 39 ஆண்டுகளுக்கு முன்பு ஹேபர்லாண்ட் கைகாட்டிய பொருள், வெப்ப நாட்டுத் தெருக்களில் வழிப்போக்கரின் தாகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான செடிகளில் அந்நீர் ஒரு துளிக்கும் குறைவு. தென்னை ஒன்றுதான் அதைக் குவளை குவளையாக வைத்துக்கொண்டிருக்கும் வள்ளல்.

1948-ல் கேப்லின், ஸ்டூவர்ட் என்னும் இருவர், கேரட் கிழங்கின் சிறு துண்டுகளுக்குத் தேங்காய் நீரைக் கொடுத்தபோது, அடங்கிக் கிடந்த உயிரணுக்கள் விரைந்து பெருகுவதைக் கண்டனர். பத்தாண்டு கழித்து, 1958-ல், ஸ்டூவர்ட் அமெரிக்காவிலும் ரைநெர்ட் ஜெர்மனியிலும் அவ்வாறு பெருகிய கேரட் அணுக்களிலிருந்து கரு போன்ற உருக்கள் தோன்றக் கண்டனர். பூவின்றி, மகரந்தமின்றி, விதையின்றி ஒரு கரு! ஹேபர்லாண்ட் 1945-ல் காலமாகிவிட்டார். அவருடைய கனவு நனவானதைக் காண அவர் இல்லை.

தேங்காய் நீரில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற வினா பலரை வாட்டியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக், மில்லர் ஆகியோரும் துணைவரும், உயிரணுவைப் பிரியத் தூண்டும் பொருளைத் தேடிச் சென்று, 1955-ல் கைனெட்டின் என்பதைக் கண்டறிந்தனர். இவ்வகைப் பொருள்களுக்குச் சைட்டோகைனின் என்று பெயர். 1974-ல் லெத்தாம் என்பவர் தேங்காய் நீரிலேயே இவ்வினத்தைச் சேர்ந்த ஹார்மோன் இருப்பதை எடுத்துக்காட்டினார். 1957-ல் ஸ்கூக்கும் மில்லரும் இன்னொரு பெரிய உண்மையை வெளியிட்டனர். ஆக்சின் மிகுந்து கைனெட்டின் குறைந்தால் திசுவிலிருந்து வேர் தோன்றுகிறது. கைனெட்டின் மிகுந்து ஆக்சின் குறைந்தால் தண்டு தோன்றுகிறது. இரண்டும் இடைநிலையில் நின்றால் உருவமற்ற திரள் பெருகுகிறது. சமையலில் உப்பும் புளியும் அளவறிந்து இடுவது போல, இவ்விரு பொருள்களையும் அளவறிந்து இட்டால் செடியின் உறுப்புகளை வேண்டியவாறு வருவிக்கலாம் என்று தெரிந்தது. 1962-ல் முரஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த உப்புக் கரைசல், உலகெங்கும் திசு வளர்ப்புக்கூடங்களின் பொது உணவாயிற்று.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கி இருக்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேஸ்வரி வளர்த்த கருவியல் மாணவர் பரம்பரை உலகப் புகழ் பெற்றது. அப்பரம்பரையில் வந்த சிப்ரா குஹா 1964-ல் சதீஷ் சந்திர மகேஸ்வரியோடு சேர்ந்து, ஊமத்தையின் மகரந்தப் பையிலிருந்து கருக்களை எழுப்பிக் காட்டினார். 1979-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் லட்சுமி சீதாவும் துணைவரும் சந்தன மரத்தின் தண்டுத் திசுவிலிருந்து கருக்களையும் கன்றுகளையும் பெற்றனர். 1980-ல் புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆராய்ச்சிக்கூடத்தார், 100 ஆண்டு நிறைந்த தேக்கு மரத்தின் மொட்டுகளிலிருந்து கன்றுகளை உண்டாக்கினர். முதிய மரத்தின் திசு இளமை இழந்து இறுகிப் போவது. அதனை வேர்விடச் செய்வது எளிதன்று. ஆயினும் நூறாண்டு நின்று தன் நேர்மையையும் உறுதியையும் மெய்ப்பித்த மரத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதில் உள்ள பயன், அறியாத இளங்கன்றைப் பெருக்குவதில் இல்லை. இந்தக் கருத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

சந்தனத்துக்கும் தேக்குக்கும் கிளைகள் உண்டு. பக்க மொட்டுகளும் பல உண்டு. ஒற்றைக் குருத்துடைய மரத்துக்கு வழி என்ன? இங்கேதான் செம்பனையின் கதை தொடங்குகிறது.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாக உடையது. 1848-ல் நான்கே நான்கு கன்றுகள் ஜாவாத் தீவிலுள்ள போகோர் தாவரவியல் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழித்தோன்றல்கள் சாலையோர அழகு மரங்களாகச் சுமத்திராவில் பரவின. 1911-ல் அட்ரியன் ஹாலே என்னும் பெல்ஜியர் சுமத்திராவில் அதனை வணிகப் பயிராக நட்டார். 1917-ல் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்தில் முதல் வணிகத் தோட்டத்தை உண்டாக்கினார். அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம் எஸ்டேட்! செம்பனைத் தொழிலின் முதல் தோட்டம் மலாயாவில் தமிழ்ப் பெயர் தாங்கி நிற்பது வியப்பன்று. மலாயாத் தோட்டங்களில் காடு திருத்தியும், பால் மரம் சீவியும், பழக்குலை வெட்டிச் சுமந்தும் உழைத்தவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். அந்த ஃபோகோனியே பின்னர் மலாயா வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுதிய நாவலுக்கு 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது.

செம்பனையில் மூவகை உண்டு. தடித்த ஓட்டை உடையது ஒன்று. அதில் எண்ணெய் தரும் சதை குறைவு. ஓடே இல்லாதது மற்றொன்று. அது பெரும்பாலும் குலை தள்ளாமல் மலடாகப் போகும். மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உடையது மூன்றாவது. பெல்ஜியக் காங்கோவின் யங்கம்பி ஆராய்ச்சி நிலையத்தில் பேர்னேர்ட், வாண்டர்வேயன் ஆகியோர் 1941-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, இம்மூன்றாவது வகை முதலிரண்டின் கலப்பே என்று காட்டியது. அதனால் நல்ல விதை வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் தடித்த ஓட்டு மரத்தையும் ஓடற்ற மரத்தையும் கைப்பட மணம் செய்விக்க வேண்டும். அவ்வாறு செய்தும், பிறக்கும் கன்றுகள் அனைத்தும் ஒரே தரமாக இருப்பதில்லை. ஒரே கலப்பில் பிறந்த உடன்பிறப்புகளிலும் சில மரங்கள் மிகச் சிறந்தும் சில தாழ்ந்தும் விளங்கின. சிறந்த மரம் ஒன்றையே ஆயிரமாகப் பெருக்கினால், அதே நிலத்தில் விளைச்சல் 20 முதல் 30 விழுக்காடு வரை உயரும் என்று மதிப்பிட்டனர். ஒட்டும் போத்தும் இயலாத மரத்தில் அதற்கு ஒரே வழி திசு வளர்ப்பு.

இங்கிலாந்தில் யூனிலீவர் நிறுவனத்தின் கூடத்திலும், பிரான்சின் வெளிநாட்டு விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனத்தின் கூடத்திலும் இப்பணி நடந்தது. 1974-ல் ஜோன்ஸ் என்பவர் செம்பனைக் கன்றுகளைத் திசுவிலிருந்து பெற்ற செய்தியை வெளியிட்டார். 1976-ல் ரபெஷோ, மார்த்தேன் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர், குருத்துக்குள் விரியாமல் மடிந்திருக்கும் இளவோலைத் துண்டுகளிலிருந்து கன்று பெறும் முறையைத் தெரிவித்தனர். முறை இதுதான்: மரத்தின் உள்ளோலையை நறுக்கி, நுண்கிருமி அணுகாவாறு தூய்மை செய்து, அகார் என்னும் கடற்பாசிக் கூழில் ஆக்சின் கலந்து அதன்மேல் வைப்பர். சில மாதத்தில் வெட்டுவாயில் திசுத்திரள் தோன்றும். அதைப் பெருக்கி, பல மாதம் காத்திருந்தால், அதன்மீது வெண்மணிகள் போலக் கருக்கள் எழும். அவை தண்டும் வேரும் விட்ட பிறகு நிழற்கூடத்தில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்க வேண்டும். ஓலைத்துண்டு கன்றாவதற்கு இரண்டு ஆண்டுக்கு மேலும் செல்லலாம். ஆனால் ஒருமுறை கிடைத்த திரளிலிருந்து கன்றுகளை எண்ணற்றுப் பெறலாம்.

1970-களின் பிற்பாதியில் முதற் கன்றுகள் மலேசிய மண்ணில் நடப்பட்டன. அவை செழித்தன, காய்த்தன, நம்பிக்கை பிறந்தது. 1980-களின் தொடக்கத்தில் கூடங்கள் பெருகின. கன்றுகளின் தொகையும் பெருகிற்று. அதன்பின் குறை தலைகாட்டியது. சில மரங்களின் பெண்பூக்களில், வளர்ச்சியடையாமல் அடங்கிக் கிடக்க வேண்டிய மகரந்தக் காம்புகள், சூலகம் போன்ற சதைப்பற்றுள்ள மடல்களாக மாறின. காயைச் சுற்றிப் போர்வை போர்த்தது போல அவை நின்றன. ஆகவே இக்குறையைப் போர்வைக் காய் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அழைத்தனர். குறை கடுமையான மரங்களில் காய் கருவின்றி வாடி உதிர்ந்தது. குலை முழுவதும் அழுகிப் போயிற்று. எண்ணெய் இல்லை. 1986-ல் கோர்லியும் துணைவரும் இச்செய்தியை ஆராய்ச்சி உலகுக்கு விரிவாக அறிவித்தனர்.

இத்தீங்கின் கொடுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். குடுவையில் கன்று அழகாக இருக்கிறது. நாற்றங்காலில் அழகாக இருக்கிறது. தோட்டத்தில் நட்ட பிறகும் இலையிலோ தண்டிலோ குறை தெரியவில்லை. ஏறத்தாழ 3 ஆண்டு எருவும் நீரும் கூலியும் செலவழித்த பின், பூத்த பிறகே மரம் மலடு என்று தெரிகிறது. நெற்பயிராயின் ஒரு போகம் போகும். செம்பனை 25 ஆண்டுக் காலம் நிலத்தில் நிற்கும் மரம். பெருமளவில் கன்று உண்டாக்கும் திட்டங்களைப் பல கூடங்கள் சுருக்கிக்கொண்டன. ஒவ்வொரு வழியிலிருந்தும் சிறு எண்ணிக்கையில் நட்டு, காய்க்கும் வரை காத்திருந்து பார்ப்பதே நெடுநாள் வழக்கமாயிற்று.

நோய்க்கு மூலம் எது? ஆராய்ச்சியாளர் கண்ட அடையாளங்கள் விந்தையாக இருந்தன. கிருமி எதுவும் இல்லை. ஒரே தாய் மரத்தின் ஒரே ஓலையிலிருந்து வந்த கன்றுகளுள் சில நல்லவை, சில கெட்டவை. கெட்டவற்றுள்ளும் குறையின் அளவு மரத்துக்கு மரம் வேறுபட்டது. அதனினும் விந்தை, சில மரங்கள் சில ஆண்டுகள் போர்வைக் காயைத் தந்துவிட்டுத் தாமாகவே திருந்தி நல்ல காய் தந்தன. மரபணுவின் எழுத்தே பிழைபட்டிருந்தால் மரம் இவ்வாறு திருந்துவது அரிது. எனவே, எழுத்து மாறவில்லை. எழுத்தைப் படிக்கும் முறை மாறியிருக்கிறது என்ற ஐயம் வலுத்தது.

இதனை விளங்கிக்கொள்ள மீண்டும் கோல்டு ஸ்பிரிங் ஹார்பருக்கே செல்ல வேண்டும். பிளேக்ஸ்லீ ஊமத்தையை ஆராய்ந்த அவ்விடத்தில், 1940-களில் பார்பரா மெக்கிளின்டாக் என்னும் பெண்மணி மக்காச்சோளத்தை ஆராய்ந்து, மரபுப் பொருளின் சில துணுக்குகள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குத் தாவுகின்றன என்று கண்டார். பலர் அதை நம்பத் தயங்கினர். 1983-ல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. செடியின் உயிரணுவில் இத்தகைய துணுக்குகள் ஏராளம். அவை கண்டபடி இயங்காதவாறு, மீதைல் என்னும் சிறு வேதிப்பொருளைப் பூட்டுப்போல அவற்றின்மேல் செடி பொருத்தி வைக்கிறது. நெல்லில் கண்டறியப்பட்ட இவ்வகைத் துணுக்கு ஒன்றுக்கு ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கர்மா என்று பெயரிட்டிருந்தனர். செயற்கை உணவில் வளர்க்கும் திசுக்களில் அது விழித்துக்கொள்வதாக 2003-ல் அவர்கள் எழுதினர்.

2015-ல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தைச் சேர்ந்த மெய்லினா ஓங் அப்துல்லாவும், கோல்டு ஸ்பிரிங் ஹார்பரின் மார்ட்டியன்சன் முதலியோரும் சேர்ந்து, நல்ல மரங்களையும் கெட்ட மரங்களையும் ஒப்பிட்டு, போர்வைக் காயின் மறைபொருளை வெளியிட்டனர். பூவின் உறுப்புகளை வகுக்கும் ஒரு மரபணுவின் நடுவே, கர்மா இனத்தைச் சேர்ந்த துணுக்கு ஒன்று செம்பனையில் படிந்திருக்கிறது. இயல்பான மரத்தில் அது மீதைல் பூட்டுடன் உறங்குகிறது, தீங்கில்லை. திசு வளர்ப்பின்போது சில உயிரணுக்களில் அப்பூட்டு கழன்று விடுகிறது. கழன்ற அணுவிலிருந்து பிறந்த மரம், அம்மரபணுவின் செய்தியைத் தவறாக வெட்டி ஒட்டிப் படிக்கிறது. மகரந்தக் காம்பு சதை மடலாகிறது. பூட்டு நிலைத்திருப்பதை நற்கர்மா என்றும், கழன்றிருப்பதைத் தீக்கர்மா என்றும் அவ்வறிஞர் அழைத்தனர். நல்வினை தீவினை என்று நாம் சொல்வதை ஓர் இலைத் துணுக்கில் அளந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது. குடுவையிலிருக்கும் கன்றின் சிறு இலையைச் சோதித்து, அது பின்னாளில் மலடாகுமா என்பதை நடுவதற்கு முன்பே அறியலாம். முதற் கன்று நட்ட நாளிலிருந்து இந்த அறிவு கிட்டுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டு ஆயிற்று.

தென்னையின் நிலை என்ன? பிற செடிகளின் திசுவுக்கெல்லாம் நீர் வார்த்த தென்னை, தன் திசுவை வளர்ப்பதற்கு மட்டும் எளிதில் இணங்கவில்லை. கருவை எடுத்து வளர்ப்பதில் முதல் வெற்றிகளுள் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் கிடைத்தது. அங்கே மக்காபுனோ என்னும் தேங்காய் உண்டு. உள்ளே பருப்பு இறுகாமல் தயிர்போல் குழைந்து நிறைந்திருக்கும். இலங்கையில் திகிரிப்பொல் என்றும் தமிழில் தயிர்த் தேங்காய் என்றும் வழங்குவது அவ்வகையே. சுவை மிகுதி; விலையும் மிகுதி. ஆனால் அப்பருப்பு கருவுக்கு உணவாவதில்லை. ஆகவே அந்நெற்று முளைப்பதில்லை. 1960-களில் எமெரித்தா டி குஸ்மன் என்னும் அம்மையார் அக்கருவைத் தனியே எடுத்துக் குடுவையில் உணவூட்டி வளர்த்துக் கன்றாக்கினார். பசித்திருந்த குழந்தைக்குச் செவிலி பாலூட்டியது போன்ற செயல் அது. அதுவரை எப்போதாவது அகப்படும் காயாக இருந்தது, அம்முறையால் தோப்பாக நடத்தக்க மரமாயிற்று.

ஆனால் கருவை வளர்ப்பது வேறு. மரத்தைப் பெருக்குவது வேறு. ஒரு கருவிலிருந்து ஒரு கன்றே கிடைக்கும். 1960-களிலும் 1970-களிலும் ஜமைக்காத் தீவில் உயிர்கொல்லி மஞ்சள் நோய் பல லட்சம் தென்னைகளை அழித்தபோது, நோயைத் தாங்கி நின்ற மரங்களைப் பெருக்க வேண்டும் என்ற அவசரம் எழுந்தது. இங்கிலாந்தின் வை கல்லூரியில் யூவன்ஸ் 1976-ல் தென்னைக்கென ஓர் உப்புக் கரைசலை வகுத்தார். 1983-ல் அக்கல்லூரியைச் சேர்ந்த பிராண்டன், பிளேக் ஆகியோர் இளம்பாளைத் திசுவிலிருந்து கன்று பெற்றதை அறிவித்தனர். காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் இதில் உழைத்தனர். ஆயினும் ஓரிரு கன்று பெறுவதற்கும் ஆயிரக்கணக்கில் பெறுவதற்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. தென்னைத் திசு வெட்டிய மாத்திரத்தில் கறுத்துப்போகும். பல மாதம் வாளா கிடக்கும். ஒரு கூடத்தில் வந்தது மற்றொரு கூடத்தில் வராது. 1998-ல் மெக்ஸிகோ நாட்டின் யுகட்டான் ஆராய்ச்சிக்கூடத்தார், நெற்றின் கருவிலுள்ள முளைக்குருத்தை நறுக்கி வளர்த்தால் பயன் மிகுதி என்று காட்டினர். இங்கே நாம் முன்னே நினைவிற் கொண்ட கருத்து பயன்படுகிறது. முளைக்குருத்து என்பது இன்னும் காய்த்துக் காட்டாத ஒரு புதிய உயிர். 200 காய் காய்த்துப் புகழ் பெற்ற மரத்தின் மறுபிறவியன்று அது. அம்மரத்தின் பிள்ளை மட்டுமே. தந்தை எதுவென்ற பழைய ஐயம் அப்படியே நிற்கிறது.

2021-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்ம்ஸும் துணைவரும் மற்றொரு வழியைக் காட்டினர். தென்னையின் ஒவ்வோர் இலைக்கக்கத்திலும் ஒரு மொட்டு உண்டு. இயற்கையில் அது பாளையாகவே வெளிவரும். குடுவையில் வளரும் இளங்கன்றுக்குத் தக்க சைட்டோகைனினை அளவறிந்து ஊட்டி, அம்மொட்டைப் பாளையாக்காமல் பக்கக் குருத்தாக எழச் செய்தனர். ஒற்றைக் குருத்து மரம் கண்ணாடிக்குள் கிளைத்தது! உருவமற்ற திரளாகித் திரும்பிவரும் நீண்ட பாதை இதில் இல்லை. ஆகவே பிறழ்ச்சி நேரும் வாய்ப்பும் குறைவு என்று எதிர்பார்க்கலாம். ஆயினும் செம்பனை கற்பித்த பாடம் நம்முன் இருக்கிறது. குடுவையில் அழகாக நிற்கும் கன்று, தோப்பில் காய்த்தாலன்றி அதற்குச் சான்று இல்லை.

இன்னொரு பாடமும் உண்டு. போகோரில் வந்திறங்கிய நான்கு கன்றுகளின் வழியாகவே தென்கிழக்காசியத் தோட்டங்களின் பழைய செம்பனை வமிசம் பெருகிற்று. நான்கே குறுகிய அடித்தளம் எனின், ஒரே ஓலைத்துண்டிலிருந்து எழுந்த பத்தாயிரம் மரங்கள் எத்துணைக் குறுகியவை! புதிய நோய் ஒன்று வருமாயின், ஒரு மரத்தை வென்ற கிருமி அத்தனை மரங்களையும் வென்றுவிடும். விளைச்சல் உயர்ந்தால் அதே எண்ணெயைக் குறைந்த நிலத்தில் பெற்றுக் காட்டை மிச்சப்படுத்தலாம் என்பது மெய்யே. அதன் பொருட்டுத் திசு வளர்ப்பு நமக்கு வேண்டும். ஆனால் பல தாய்களின் வழிகளைக் கலந்து நடுவதும், விதை மரங்களையும் காட்டு மரங்களையும் பேணிக் காப்பதும் அதனோடு சேர்ந்தே வேண்டும். ஒருமைப்பாட்டினால் வரும் ஆதாயத்துக்குப் பன்மை கொடுக்கும் காப்புறுதி அது.

நம் நாட்டுத் தென்னை விவசாயி நெற்றுக்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது, நடுவயது மரத்தைப் பார்ப்பார். ஆண்டுதோறும் தவறாமல் காய்க்கிறதா என்று பார்ப்பார். பாளைக் காம்பு குட்டையாகவும் உறுதியாகவும் இருக்கிறதா, மட்டைகள் குடைபோல் பரந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பல ஆண்டு பொறுமையாகக் கண்டறிந்த பிறகே அதன் நெற்றைத் தொடுவார். கண்ணாடிக் குடுவையும் மீதைல் சோதனையும் வந்த பின்னும் அவருடைய கண்ணுக்கு வேலை முடிந்துவிடவில்லை. எந்த மரத்தைப் பெருக்க வேண்டும் என்பதை ஆராய்ச்சிக்கூடம் தானே அறியாது. அதைத் தோப்பில் நின்று பார்த்தவர்தாம் சொல்ல வேண்டும். பெருக்கிய கன்று மெய்யான கன்றுதானா என்பதையும் முடிவில் தோப்பே சொல்லும். இவ்விரண்டு விடைகளுக்கும் நடுவே விஞ்ஞானி தம் குடுவையோடு அமர்ந்திருக்கிறார். ஹேபர்லாண்ட் தம் தோல்வியை மறைக்காமல் எழுதி வைத்ததும், செம்பனையின் குறையைக் கண்டவர்கள் அதை ஒளிக்காமல் வெளியிட்டதும்தான் இந்நூற்றாண்டு முயற்சியை முன்னே நடத்தி வந்தன. தென்னையிலும் அந்நேர்மை தவறாமல் தொடருமாயின், 200 காய் காய்க்கும் அந்த மரத்தின் பக்கத்தில் அதைப் போலவே இன்னொரு மரத்தை நட்டு வைக்கும் நாள் நம் தோப்புக்காரருக்கும் வரும்.